ரோமாபுரியின் பணமுடை, கி.பி. 33

செர்வியஸ் கால்பாவும் கொர்னேலியஸ் சுல்லாவும் கான்சல்களாக இருந்த ஆண்டு என்று ரோமானியர் குறித்துவைத்த கி.பி. 33, சாவுகள் மலிந்த ஆண்டு. பேரரசர் டைபீரியஸ் தலைநகரை விட்டு விலகிக் காப்ரித் தீவில் தங்கத் தொடங்கி ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய வலக்கரமாக இருந்து கி.பி. 31-ஆம் ஆண்டு அக்டோபரில் கொல்லப்பட்ட செஜானஸின் கூட்டாளிகள் என்று சிறையில் கிடந்தவர்கள் ஒரே ஆணையில் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். பேரரசரின் மருமகள் மூத்த அக்ரிப்பினா நாடுகடத்தப்பட்ட தீவில் இறந்தார். அவருடைய மகன் த்ரூசஸ் அரண்மனை நிலவறையில் பட்டினியால் மாண்டார். ஸ்பெயினின் பெருஞ்செல்வர் செக்ஸ்டஸ் மாரியஸ் தார்ப்பீயப் பாறையிலிருந்து தள்ளப்பட்டார். பறிமுதலான அவருடைய சுரங்கங்களைப் பேரரசர் தமக்கென ஒதுக்கிக்கொண்டார். யூதேயாவில் பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த காலம் இது. இயேசு சிலுவையில் அறையப்பட்டது இதே ஆண்டில்தான் என்று கணிப்போரும் உண்டு. இத்தனைக்கும் நடுவே வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இரண்டு சிறிய அத்தியாயங்களை ஒதுக்கி, ரோமில் ஏற்பட்ட ஒரு பணமுடையைப் பற்றி எழுதுகிறார். நஞ்சும் கத்தியும் இல்லாத அந்தப் பகுதியைப் பொருளாதார வரலாறு படிப்பவர்கள் இன்னும் விட்டபாடில்லை.

ரோமின் பணமுடை என்ற பேச்சு எழுந்தாலே தமிழ் வாசகருக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். மிளகுக்கும் முத்துக்கும் பச்சைக்கல்லுக்கும் பொன்னைக் கொட்டிக்கொடுத்துத்தான் ரோம் வற்றியது என்பது அந்தப் பதில். டைபீரியஸ் தலை பொறித்த வெள்ளிக்காசுகள் கொங்கு நாட்டில் பானை பானையாகக் கிடைத்திருப்பதால் இந்தப் பதிலுக்கு ஒரு கவர்ச்சியும் சேர்ந்துவிடுகிறது. அந்த வணிகம் உண்மை, காசுகளும் உண்மை. ஆனால் 33-இன் நெருக்கடிக்கு அந்த வணிகம் காரணமில்லை. அது ரோமுக்குள்ளேயே, செனட் சபையிலேயே உருவான நெருக்கடி. தூங்கிக்கொண்டிருந்த ஒரு சட்டத்தை எழுப்பி, அதற்கு ஒரு கெடுவும் வைத்ததால், ஊரில் இருந்த பணமே ஊரில் புழங்காமல் போனது.

நடந்ததைப் பார்ப்போம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் கடனும் நிலவிலையும் நிலைகுலைந்து கிடந்தபோது ஜூலியஸ் சீசர் சில சட்டங்களைக் கொண்டுவந்தார். 60,000 செஸ்டர்ஸுக்கு மேல் யாரும் ரொக்கமாகப் பதுக்கக்கூடாது என்பது ஒன்று. இத்தாலிக்குள் ஒருவர் எவ்வளவு கடன் கொடுக்கலாம், எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்று அளவு வகுத்தது இன்னொன்று. போர் முடிந்ததும் இரண்டாவது சட்டத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். மறக்கக் காரணமும் இருந்தது. ரோமில் பெரும் லேவாதேவிக்காரர்கள் யார் என்று கேட்டால், செனட்டர்களைத்தான் கைகாட்ட வேண்டும். நிலம் அவர்களுக்குக் கௌரவம், வட்டி அவர்களுக்கு வருமானம். பின்னாளில் தத்துவஞானி செனகா 30 கோடி செஸ்டர்ஸ் சேர்த்தது எப்படி என்று எதிரிகள் ஏளனம் செய்ததும், இளைய பிளினி தம் சொத்தெல்லாம் நிலமாகவே இருக்கிறது, கொஞ்சம் வட்டிக்கும் விட்டிருக்கிறேன் என்று ஒரு கடிதத்தில் போகிறபோக்கில் சொல்வதும் இதே வழக்கத்தின் தொடர்ச்சிதான். வட்டிக்கு விடுவது சட்டப்படி ஒரு வரம்புக்கு உட்பட்டது, நம்மூர்க் கணக்கில் சொன்னால் மாதம் நூற்றுக்கு ஒரு வட்டி. இந்த நிலையில்தான் 33-இல் காட்டிக்கொடுப்போர் கூட்டம் சீசரின் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்தது. செஜானஸின் வீழ்ச்சிக்குப் பிறகு குற்றம் சாட்டுவது ஒரு பிழைப்பாகவே ஆகியிருந்தது. ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்றவரின் சொத்தில் நான்கில் ஒரு பங்கு குற்றம் சாட்டியவருக்குப் போகும். அந்தக் கூட்டத்துக்கு இது புதிய வேட்டைக்காடு.

வழக்குகளை விசாரிக்க வேண்டியவர் கிராக்கஸ் என்ற பிரீட்டர். சிக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப்போய் அவர் விஷயத்தைச் செனட்டுக்கு அனுப்பினார். செனட் நடுங்கியது, ஏனென்றால் அந்தக் குற்றம் செய்யாதவர் என்று அவையில் ஒருவரும் இல்லை. அவர்கள் பேரரசரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். டைபீரியஸ் பதினெட்டு மாதக் கெடு கொடுத்தார். அதற்குள் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கணக்கைச் சட்டத்துக்கு உட்பட்டதாக்கிக்கொள்ள வேண்டும். செனட் தன் பங்குக்கு ஒரு விதியைச் சேர்த்தது: கடன் கொடுப்பவர் தம் முதலில் மூன்றில் இரண்டு பங்கை இத்தாலிய நிலத்தில் போட வேண்டும், கடனாளியும் அதே விகிதத்தில் உடனே திருப்பிக்கட்ட வேண்டும். எழுத்தில் பார்த்தால் இது நியாயமான ஏற்பாடுதான். கடனாளி நிலத்தை விற்பார், கடன்காரர் வாங்குவார், பணம் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வரும், எல்லாக் கணக்கும் நேராகிவிடும்.

நேராகவில்லை. கடன்காரர்கள் மூன்றில் இரண்டு பங்கோடு நிற்காமல் முழுத்தொகையையும் கேட்டார்கள். கேட்டபின் தராமல் இருப்பது கடனாளியின் பெயருக்கு இழுக்கு. முதலில் ஆள்விட்டுக் கெஞ்சல், பிறகு பிரீட்டரின் மன்றத்தில் கூச்சல். கடனாளிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிலத்தை விற்க வந்தார்கள். வாங்க வேண்டியவர்களோ வசூலான பணத்தைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு விலை இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். இன்று வாங்கினால் ஒரு விலை, ஆறு மாதம் கழித்து வாங்கினால் அடிமாட்டு விலை என்றால் யார்தான் இன்று வாங்குவார்? விலை இறங்க இறங்க, அதே கடனைத் தீர்க்க இன்னும் கூடுதலாக நிலம் விற்க வேண்டியதாயிற்று. அதிகம் கடன்பட்டவருக்கு விற்பது அதிகக் கடினமாயிற்று. பலர் குடும்பச் சொத்தையும் அதோடு சேர்ந்த பதவியையும் பெயரையும் இழந்தார்கள். மருந்தே நோயாகிப்போனது என்று டாசிட்டஸ் கண்டுகொண்டது இந்த இடத்தில்தான். நம் வாதத்துக்கு மிக முக்கியமான சான்று அவர் தரும் ஒரு சிறு விவரம்: நிலம் வாங்குவதற்கென்று கடன்காரர்கள் பணத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது. அப்படியானால் பணம் ரோமை விட்டுப் போகவில்லை. ரோமிலேயே, பெட்டிகளுக்குள், நல்ல தருணத்துக்காகக் காத்துக் கிடந்தது.

கடைசியில் டைபீரியஸ் 10 கோடி செஸ்டர்ஸை எடுத்துப் வங்கிகளைப் போன்ற பணமேசைகள் வழியாகக் கடனாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். மூன்று ஆண்டுகளுக்கு வட்டியில்லை; வாங்கும் தொகைக்கு இரு மடங்கு மதிப்புள்ள நிலத்தை அரசுக்கு ஈடாகக் காட்ட வேண்டும். நம்பிக்கை திரும்பியது, தனியார் கடன்காரர்களும் மெல்ல மெல்லத் தலைகாட்டினார்கள். படைவீரன் ஒருவனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ் என்று வைத்தால், இந்தத் தொகை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் ஓராண்டுச் சம்பளம். ஆனாலும் 37-இல் டைபீரியஸ் இறந்தபோது கருவூலத்தில் 270 கோடி இருந்ததாக சூட்டோனியஸ் சொல்வதோடு ஒப்பிட்டால், அதில் இருபத்தேழில் ஒரு பங்குதான் வெளியே வந்தது. இவ்வளவு சிறிய தொகை எப்படிப் போதுமானதாயிற்று? கடனாளி அவசரப்பட்டு விற்கவேண்டிய கட்டாயம் தீர்ந்தது. அரசே நிலத்தை ஈடாக ஏற்றுக்கொண்டதால் நிலத்துக்கு ஒரு கீழ்வரம்பு ஏற்பட்டது. விலை இனியும் சரியும் என்று காத்திருந்தவர் காத்திருப்பதில் பொருளில்லாமல் போனது. இதை உலகின் முதல் மத்திய வங்கி நடவடிக்கை என்று கொண்டாடும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. எனக்கு அது மிகையாகவே படுகிறது. பறிமுதல் பணம் மிஞ்சும்போதெல்லாம் இரட்டை ஈட்டின் பேரில் வட்டியில்லாக் கடன் கொடுப்பது அகஸ்டஸ் காலத்திலேயே இருந்த பழக்கம். டைபீரியஸ் தம் வளர்ப்புத் தந்தையின் கைப்பழக்கத்தைப் பெரிய அளவில் செய்தார், அவ்வளவுதான்.

இனி மிளகு வாதத்துக்கு வருவோம். அதற்குச் சான்றாக வைக்கப்படுபவை இரண்டு. இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகின்றன, இந்தியா மட்டும் 5 கோடி என்று மூத்த பிளினி 77-இல் முடித்த நூலில் எழுதியது முதல் சான்று. பெண்களின் கற்களுக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறது என்று டைபீரியஸே 22-இல் செனட்டுக்கு எழுதிய கடிதம் இரண்டாவது. பிளினியின் எண்ணை ஐயப்படுவோர் பலர். நாம் அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஏற்றாலும், அது ஆண்டுதோறும் நிகழ்ந்த வெளியேற்றம். எகிப்து கி.மு. 30-இல் ரோமின் கைக்கு வந்தது முதலே இந்தியாவுக்கான கடல்வழி விரிந்துவிட்டது. மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போனதாக ஸ்ட்ராபோ கேள்விப்பட்டது அகஸ்டஸ் காலத்தில். அதே காலத்தில் ரோமில் நடந்தது என்ன? எகிப்தின் கருவூலம் வந்து இறங்கியதும் வட்டி வீழ்ந்தது, நிலவிலை உயர்ந்தது. பிறகு கிளாடியஸ், நீரோ காலங்களிலும் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன, 33-ஐப் போன்றதொரு கடன் முடக்கம் அப்போது பதிவாகவில்லை. அறுபது ஆண்டுகளாக ஒரே சீராக ஒழுகிவந்த ஓட்டை, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் தொட்டி சட்டென்று காலியானதற்கு விளக்கமாகாது. இதில் இன்னொரு கணக்கும் உண்டு. நெருக்கடியைத் தீர்த்த தொகையும் 10 கோடி, பிளினி சொல்லும் ஓராண்டு இழப்பும் 10 கோடி. இழப்புதான் நோய் என்றால் டைபீரியஸ் கொடுத்த மருந்து பன்னிரண்டே மாதத்தில் தீர்ந்து, மீண்டும் பணமுடை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்றாண்டு கழித்து அவென்டைன் குன்று எரிந்தபோது அதே பேரரசர் மறுபடி 10 கோடியை நிவாரணமாக எடுத்து வைக்கும் நிலையில்தான் இருந்தார்.

22-இன் கடிதத்தை முழுதாகப் படித்தால் அது எதிர்ப்பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது. ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தும் பழைய சட்டங்களை யாரும் மதிப்பதில்லை, அவற்றுக்கு உயிர்கொடுக்க வேண்டும் என்று ஈடில்கள் எனப்பட்ட நகர அதிகாரிகள் குரல் எழுப்ப, செனட் முடிவைப் பேரரசரிடம் விட்டது. அதற்கு வந்த பதில்தான் இந்தக் கடிதம். கற்களுக்குப் போகும் பணம் அதில் ஒரு குறையாக, கேள்வியின் வடிவில் வந்து போகிறது. கடிதத்தின் சாரம் வேறு: எல்லோரிடமும் வேரூன்றிவிட்ட ஒரு பழக்கத்தைச் சட்டத்தால் அடக்கப் புகுந்தால், நம்மால் அடக்க முடியாது என்பதை நாமே ஊருக்குக் காட்டிக்கொடுப்போம்; அதைவிடக் கைவைக்காமல் இருப்பது மேல். நயமான அறிவுரை. பதினோரு ஆண்டு கழித்து, அவையில் ஒருவர்கூட மீறாமல் இல்லாத ஒரு சட்டம் எழுப்பப்பட்டபோது அதே மனிதர் அந்த அறிவுரையைத் தமக்கே சொல்லிக்கொள்ளவில்லை. வழக்குகளை ஒரேயடியாகத் தள்ளுபடி செய்திருக்கலாம், கெடு கொடுத்தார். முதுமை, செஜானஸ் விவகாரத்துக்குப் பிந்தைய கசப்பு, காப்ரியிலிருந்து கடிதம் மூலமே ஆட்சி நடத்திய தூரம் என்று காரணங்களை அடுக்கலாம். எப்படியானாலும் அருகில் இருந்த ஒருவர் ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்ததாகக் காசியஸ் டியோ எழுதுகிறார். பேரரசரோடு காப்ரிக்கே போன சட்ட அறிஞர் கொக்கேயஸ் நெர்வா அதே 33-இல் உண்ணாமல் உயிர்விட்டார். சீசரின் கடன் சட்டங்கள் உயிர்பெற்றதால் கொடுக்கல் வாங்கலில் நம்பிக்கை குலைந்து குழப்பம் வரும் என்பதே அதற்குப் பெரிய காரணம் என்கிறார் டியோ. டாசிட்டஸ் இதை ஏற்பதாகத் தெரியவில்லை. நாட்டின் சீர்கேட்டை அருகிருந்து பார்த்த வேதனை என்று அவர் பொதுவாகச் சொல்கிறார். நெர்வாவின் மனத்தில் எது இருந்திருந்தாலும், பணமுடைக்குச் சட்டமே காரணம் என்ற எண்ணம் ரோமானிய மரபிலேயே இருந்தது என்பதற்கு டியோவின் குறிப்பு போதும்.

அப்படியானால் கொங்கு நாட்டுக் காசுகள்? பூதிநத்தம், கத்தாங்கண்ணி, பொள்ளாச்சி, கரூர் வட்டாரங்களில் கிடைத்த வெள்ளி தினாரியஸ்களில் அகஸ்டஸின் ஒரு வகையும் டைபீரியஸின் ஒரு வகையும்தான் பெரும்பான்மை. டைபீரியஸ் முகம் இருப்பதால் அவை டைபீரியஸ் காலத்திலேயே வந்தவை என்று எடுத்துக்கொள்வது அவசரம். 64-இல் நீரோ தினாரியஸின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தார். அதன்பின் இந்தியாவுக்கு வந்த வணிகர்கள் பழைய நல்ல காசுகளைத் தேடிப் பொறுக்கி அனுப்பியிருக்கலாம் என்று நாணயவியலாளர்கள் வாதிடுகிறார்கள். அளவையும் பார்க்க வேண்டும். 1,500 தினாரியஸ் கொண்ட ஒரு பெரிய பானை 6,000 செஸ்டர்ஸ். செனட்டராக இருக்கக் குறைந்தபட்சச் சொத்துத் தகுதியே 10 லட்சம். கிடைத்தது வந்ததில் ஒரு துளி அல்லவா என்று கேட்கலாம், சரியான கேள்வி. அதற்குப் பானைகளை விட நல்ல சான்று வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஆவணத்தில் ஹெர்மபோலோன் என்ற ஒரே கப்பலின் சரக்கு, வரி போக, ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸுக்கு மதிப்பிடப்பட்டிருக்கிறது. வணிகம் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆவணத்தின் மறுபக்கம், எகிப்தில் இறங்கிய சரக்கில் நான்கில் ஒரு பங்கை ரோம அரசு வரியாக எடுத்துக்கொண்டதைக் காட்டுகிறது. முசிறிக்குப் பணம் போனது, அலெக்சாந்திரியா வழியாகப் பேரரசின் கருவூலத்துக்குப் பெரும் வருமானமும் வந்தது. போன கணக்கை மட்டும் எழுதி வந்த கணக்கை விட்டால் அது கணக்கே ஆகாது.

கீழைக் கடலை இந்தக் கதைக்குள் இழுத்துவந்ததில் ஒரு நவீனப் புனைவுக்கும் பங்கு உண்டு. 1910-இல் வில்லியம் ஸ்டெர்ன்ஸ் டேவிஸ் எழுதிய நூல் இந்த நெருக்கடியை ஒரு நாடகக் காட்சிபோல் தொடங்குகிறது: செங்கடலில் புயலில் மூழ்கிய வாசனைப்பொருள் கப்பல்கள், திவாலாகும் அலெக்சாந்திரிய நிறுவனம், கதவடைக்கும் ரோமானிய வங்கிகள், எல்லாம் பெயரோடு. அந்தக் கப்பல்களும் நிறுவனங்களும் டாசிட்டஸிடமோ சூட்டோனியஸிடமோ டியோவிடமோ இல்லை. 1907-இல் நியூயார்க்கில் வங்கிகள் தடுமாறிய காட்சி மனத்தில் பசுமையாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட நூல் அது. படித்தால் அந்த வாடை அடிக்கத்தான் செய்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு வரலாற்றாசிரியர் டென்னி ஃபிராங்க் 1935-இல் வைத்தது. அகஸ்டஸ் கட்டடங்களுக்கும் படைக்கும் தாராளமாகச் செலவழித்து நாணயம் அடித்துத் தள்ளினார். டைபீரியஸ் கையை இறுக்கினார், கட்டடமும் குறைவு, கேளிக்கையும் குறைவு, கருவூலம் வீங்கியது, ஊரில் புழக்கம் சுருங்கியது. 33 அதன் விளைவு என்பது அவர் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தண்டனை பெற்றவர்களின் சொத்துகள் ஏலம் போன பணம் அரசுப் பெட்டியில் தங்கிவிட்டது என்று டாசிட்டஸே சொல்கிறார். ஆனால் புழக்கம் இருபது ஆண்டுகளாக மெல்ல மெல்லச் சுருங்கியிருந்தால் விலைகளும் மெல்ல மெல்ல இறங்கியிருக்கும், கடன்களும் அதற்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொண்டிருக்கும். எல்லோரும் ஒரே பருவத்தில் விற்க ஓடியதற்கு ஒரு தேதி தேவைப்படுகிறது. அந்தத் தேதியைச் சட்டம்தான் கொடுத்தது. இறுக்கமான கையும் பறிமுதலும் நிலைமையை மோசமாக்கின என்று சொல்லலாம், அதற்கு மேல் போக முடியாது. அவையும் உள்ளூர்க் காரணங்களே என்பதையும் மறக்கக்கூடாது.

பதினெட்டு மாதம் அவகாசம் இருந்தும் ஏன் இப்படி ஓடினார்கள் என்று கேட்கலாம். அவகாசம் எல்லோருக்கும் ஒரே நாளில் முடிவதுதான் சிக்கல். கடைசி மாதத்தில் எல்லோரும் வசூலிப்பார்கள் என்று தெரிந்தவர் முதல் மாதத்திலேயே வசூலிக்கப் பார்ப்பார். மேலும், டாசிட்டஸ் ஆண்டுவாரியாக எழுதுபவர். 33-இல் தொடங்கியதன் முடிவையும் அங்கேயே சொல்லி முடித்துவிடுகிறார். கெடு 34-க்குள் நீண்டிருக்க வேண்டும், வட்டியில்லாக் கடன் 36 வாக்கில்தான் திரும்பியிருக்கும். செனட் விதித்த நிலக்கொள்முதல் மட்டும் கடைசிவரை நடக்கவே இல்லை. தொடக்கத்தில் வேகம், முடிவில் அசட்டை, வழக்கம்போல என்று டாசிட்டஸ் உதட்டைப் பிதுக்குகிறார்.

அதே மருந்தை எழுபது ஆண்டு கழித்து பேரரசர் டிராஜன் வேறுவிதமாகக் கொடுத்துப் பார்த்தார். பதவிக்குப் போட்டியிடுவோர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை இத்தாலிய நிலத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஆணை. இம்முறை யாருடைய கடனும் திருப்பிக் கேட்கப்படவில்லை, காட்டிக்கொடுப்போரும் பின்னால் நிற்கவில்லை. கையில் பணமுள்ள வேட்பாளர்கள் வாங்க மட்டுமே வந்தார்கள். ரோமைச் சுற்றியுள்ள நிலம் விலையேறியது. இத்தாலியில் இருக்கும் தோட்டங்கள் அலுத்துவிட்டால் விற்க இதுவே நேரம், மாகாணங்களில் வாங்கவும் இதுவே நேரம், ஏனென்றால் வேட்பாளர்கள் இங்கே வாங்குவதற்காக அங்கே விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று இளைய பிளினி தம் நண்பர் நெபோஸுக்கு எழுதினார்.